இரண்டு பேருக்குக் கீரை

எங்கள் வீட்டு நாய்க்கு வெட்கம் அதிகம். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குச் சிறுநீர் வராது. காலைத் தூக்கும், திரும்பி நம்மைப் பார்க்கும், காலை இறக்கிவிடும். நாம் வேறெங்கோ பார்க்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் காரியம் நடக்கும். இதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. "அவனுக்கும் மானம் இருக்கு, அந்தப் பக்கம் திரும்புங்க" என்பாள். நாய்க்கு என்னடி மானம் என்று நான் கேலி செய்வேன். ஆனாலும் திரும்பிக்கொள்வேன்.

நாய் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒற்றைக் காலில் நின்று வாங்க வைத்தாள். குளிப்பாட்டுவது, நடத்திக் கூட்டிப்போவது, பின்னாலேயே போய் அள்ளுவது எல்லாம் தன் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் சத்தியம் செய்தாள். பிறகு படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டு மெல்பர்ன் போனாள். சத்தியம் கடலுக்கு இந்தப் பக்கம், பக்குரங்காவில், எங்களோடு தங்கிவிட்டது. கட்டைக் கால், சுருட்டை முடி, கண்ணை மறைக்கிற முன்மயிர். வீட்டில் நடமாடும்போது தரை துடைக்கிற துணி தானாக நகர்வதுபோல் இருக்கும்.

மகளுக்குப் பிரசவம் என்று மனைவியும் மெல்பர்ன் போனாள். மூன்று மாதத்தில் வருவதாகப் பேச்சு. குழந்தை பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடக்கவும் தொடங்கிவிட்டது. மகள் வேலைக்குத் திரும்பியதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாயிற்று. எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பாவம், அவளை இரண்டு பக்கமும் இழுத்ததாகிவிடும். இதை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி வீம்பு.

தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். என் முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அவ்வளவுதான். அடுத்து, "அவனைக் காட்டுங்க." அதற்குப் பிறகு நான் கேமரா பிடிக்கிற ஆள். அங்கே அவள் குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள், இங்கே நான் நாயைக் காட்டுவேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கத்தும். போனை வைத்ததும் வீடு அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்காது.

சமையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவனுக்குச் சமைப்பது என்பது என் கைக்கு வரவே இல்லை. அரை டம்ளர் அரிசி போட்டால் குக்கரின் அடியில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். பழைய அளவே போட்டேன். இங்கே சுலபமாகக் கிடைக்கிற கீரை ஸ்பினாச் ஒன்றுதான், உறைந்த கட்டிகளாக, பை பையாக. அதில் இரண்டு கட்டி, பாசிப்பருப்பு, கொஞ்சம் சீரகம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம் என்று மகள் எப்போதோ எச்சரித்திருந்தாள், அதனால் அவை கிடையாது. எனக்கு ரத்த அழுத்தம், அதனால் உப்பும் பேருக்குத்தான். ஆக மொத்தம், எனக்கும் நாய்க்கும் ஒரே பத்தியம். நான் மேஜையில் தட்டை வைத்ததும் அது தன் கிண்ணத்தின் முன்னால் வந்து உட்காரும். கீரை மசியல் சாதம் ஒரு கவளம் எனக்கு, ஒரு கவளம் அதற்கு. பிறகு தயிர் சாதம். கடையில் வாங்கிய நாய்த் தீனி மூட்டை பிரித்தபடியே அலமாரியில் கிடந்தது.

சாப்பிடும்போது அதோடு பேசுவேன். ஆபீசில் மேலாளர் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு வண்ணம் அடித்தது, எல்லாம். பக்கத்தில் உள்ள மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சரக்குக் கிடங்கின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. அங்கே பகல் முழுவதும் ஆங்கிலம், அதுவும் பெரும்பாலும் தட்டச்சில். வாய் திறந்து தமிழ் பேசுவது அந்தச் சாப்பாட்டு வேளையில்தான். நாய் நன்றாகக் கேட்கும். இடையில் புத்தி சொல்லாது.

குளிர்காலம் தொடங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். பின்கட்டுக் கதவைச் சுரண்டும், திறந்துவிட்டால் வெளியே போய்க் காலைத் தூக்கி நிற்கும், உடனே உள்ளே வரும், மறுபடி சுரண்டும். மழையில் நனைந்துகொண்டு நானும் அதோடு உள்ளேயும் வெளியேயும் நடந்தேன். நான்தான் எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் ஆயிற்றே, என்ன நடக்கிறது, எவ்வளவு வருகிறது என்று எதுவும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சலவை அறையின் வெள்ளைத் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது. இளஞ்சிவப்பு. ரத்தம் கலந்த சிறுநீர்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சூடுங்க. உடம்புச் சூடு. நீர்க்கடுப்பு வந்திருக்கு அவனுக்கு."

வெளியே ஆலங்கட்டி விழாத குறை. ஹீட்டர் போட்டும் எனக்குக் கால் விறைக்கிறது. இந்த ஊரில் இந்த மாதத்தில் ஒரு நாய்க்குச் சூடு பிடிக்குமா என்று கேட்டேன். ஹீட்டர் முன்னால் படுத்தே கிடந்தால் பிடிக்காமல் என்ன செய்யும் என்றாள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. நமக்கெல்லாம் நீர்க்கடுப்பு வந்தால் யார் டாக்டரிடம் ஓடினார்கள்? மோர் குடித்தோம், வெந்தயத்தை முழுங்கினோம், சரியாயிற்று. கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவச் சொன்னாள். சுண்ணாம்புக்கு நான் எங்கே போவது? அது கிடைத்தாலும் நாய்க்குக் கட்டைவிரல் எது என்று பார்க்க வேண்டுமே. கடைசியில் தொப்புளில் விளக்கெண்ணெய் என்று முடிவாயிற்று. மல்லாக்கப் படுக்கவைத்து, முடியை விலக்கி, தொப்புள் மாதிரி தெரிந்த இடத்தில் வைத்தேன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அது எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் நக்கிவிட்டிருந்தது. பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, நான் தரை துடைத்தேன்.

"அவனுக்குக் கீரை போடுங்க, அது குளிர்ச்சி" என்றாள் மறுநாள். ஏற்கெனவே போடுகிறேன் என்று சொல்லாமல் அளவைக் கூட்டினேன். இரண்டு கட்டி நான்கு கட்டியானது. மோரும் ஊற்றினேன். இரண்டு நாள் சுரண்டல் குறைந்தது. பார்த்தீங்களா என்றாள். எனக்கும் பெருமையாக இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அப்போது தெரியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் சிவப்பு திரும்பி வந்தது, முன்னைவிட அடர்த்தியாக.

கிளினிக்கில் டாக்டர் நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அது முனகியது. முதலில் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும், மறுநாள் காலை முதலில் போவதைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். எதில் பிடிப்பது என்று கேட்டேன். கரண்டி இருந்தால் நல்லது, நீளமான காம்பு உள்ளது, என்றார். விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை.

மறுநாள் காலை, பூங்காவின் ஈரப் புல்லில், எங்கள் வீட்டுச் சாம்பார்க் கரண்டியோடு நாயின் பின்னால் நடந்தேன். அது ஒரு மரத்தடியில் காலைத் தூக்கியது. நான் குனிந்தேன். அது என்னைப் பார்த்தது, காலை இறக்கியது. அடுத்த மரம். அதே கதை. ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் வேகத்தைக் குறைத்து, கரண்டியைப் பார்த்து, வேகத்தைக் கூட்டினாள். கடைசியில் நான் நாய்க்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வானத்தைப் பார்த்தபடி, கையை மட்டும் பின்னால் நீட்டினேன். கரண்டியில் ஏதோ பட்டது. கொஞ்சம்தான். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்வதற்கு நாய் மட்டும்தான் இருந்தது. கரண்டியைத் திரும்பச் சமையலறையில் வைக்கவில்லை.

சிறுநீரைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்புப் படத்தில் வெள்ளை வெள்ளையாக, சுண்டைக்காய் அளவில் கற்கள். ஒன்று மூத்திரப் பையின் வாயருகே இருந்தது. அது நழுவிக் குழாயில் மாட்டிக்கொண்டால் ஒரு சொட்டும் வெளியே போகாது, பை வெடித்துவிடும், உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். பார்க்கிறபோது இவை மருந்துக்கோ உணவுக்கோ கரைகிற வகையாகத் தெரியவில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும். நாளைக்கே. பிறகு, இது என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார்.

நான் சாப்பிடுவதைத்தான், என்றேன். ஸ்பினாச். இவ்வளவு நாளாக. இப்போது அதிகமாக, ஏனென்றால் அது குளிர்ச்சி. இந்தக் குளிர்ச்சியை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் தடுமாறியபோது, நாயைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் பெண் நிமிர்ந்தாள். "அங்கிள், நீங்கள் தமிழோ?" என்றாள். அவளே டாக்டருக்கு விளக்கினாள். உடம்பில் சூடு ஏறும், சில சாப்பாடு அதை இறக்கும் என்று எங்கட ஆக்கள் நம்புறவை, அம்மாவும் இப்படித்தான், என்று என்னிடம் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டினார். இந்த ஜாதி நாய்க்கு இயல்பிலேயே இந்தக் கல் வரும், கீரை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன் என்றார். ஆனால் இந்தக் கல்லை வளர்ப்பதற்கென்றே ஓர் உணவைத் தேடினால், ஸ்பினாச்சைவிடப் பொருத்தமானது கிடைக்காது என்றார். இனி அவர் எழுதித் தருகிற டப்பா உணவு மட்டும்தான், நிறையத் தண்ணீர் கலந்து. மேஜையிலிருந்து ஒரு பருக்கைகூடக் கூடாது.

அன்று மனைவி கூப்பிட்டபோது நாய் தூங்குகிறது என்று சொல்லிவிட்டேன். அது என் காலடியில் விழித்துக்கொண்டுதான் இருந்தது. அறுவை என்றால் அவள் அங்கிருந்து அழுவாள், இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? போனை வைத்துவிட்டு நாயின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். இது போய்விட்டால் இந்த வீட்டில் நான் வந்தால் எழுந்து வர ஒருவரும் இல்லை. என் குரலே எனக்கு மறந்துபோகும். பயந்தேன். அம்மா அப்பா போனபோதுகூட என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்று போன் வந்தது. கற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் சிறுநீர் வடிய வைத்திருந்த ரப்பர்க் குழாயைக் கழற்றிய பிறகு அது தானாகச் சிறுநீர் போக வேண்டும், அதைக் கண்ணால் பார்த்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த நாள் மத்தியானம் மறுபடி போன். காலையிலிருந்து பலமுறை வெளியே கூட்டிப்போயாயிற்று, போகவில்லை, பை நிறைந்திருக்கிறது. வீக்கத்தால் அடைத்திருக்கலாம், மறுபடி மயக்கம் கொடுத்துக் குழாய் வைக்க வேண்டியிருக்கும், அதற்கு முன் நீங்கள் ஒருமுறை வந்து பார்க்கிறீர்களா என்றார்கள். மேலாளரிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

கிளினிக்கின் பின்புறம் சின்னப் புல்தரை, சுற்றிலும் மரப்பலகை வேலி. அதே நர்ஸ் பெண் நாயைக் கொண்டுவந்தாள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல், வயிற்றில் முடி மழித்துத் தையல். என்னைக் கண்டதும் வாலை மட்டும் அசைத்தது. புல்லை முகர்ந்தது, வேலி ஓரம் போனது, காலைத் தூக்கியது. அந்தப் பெண் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பார்ப்பது அவள் வேலை. நாய் அவளைப் பார்த்தது. காலை இறக்கியது.

எனக்கு உறைத்தது. "இப்படித்தான் காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தீங்களாம்மா?" என்றேன்.

"ஓம் அங்கிள். நாங்கள் பாக்கத்தானே வேணும்."

"பாத்தா அது போகாது. அந்தப் பக்கம் திரும்பிக்கணும்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை, எழுந்து வந்தாள். இரண்டு பேரும் வேலியைப் பார்த்தபடி, நாய்க்கு முதுகைக் காட்டி, பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். தூறல் போட்டது. வேலியில் ஓர் ஆணி துருப்பிடித்து வழிந்திருந்தது. சும்மா நிற்க முடியாமல் அவள் பேச்சுக் கொடுத்தாள்.

"வீட்டில ஆர் ஆர் இருக்கிறீங்கள், அங்கிள்?"

"நாங்க ரெண்டு பேர்."

"ஆன்ட்டி வரேல்லையோ?"

நான் ஆன்ட்டியைச் சொல்லவில்லை. ஆணியைப் பார்த்தபடியே, பின்னால் நிற்கிற நாயை நோக்கிக் கட்டைவிரலைக் காட்டினேன். அவள் கெட்டிக்காரி. புரிந்துகொண்டாள். போயிடுடா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். போயிடு, வீட்டுக்குப் போகலாம். அப்போது பின்னால் புல்லில் சத்தம் கேட்டது. முதலில் விட்டுவிட்டு, பிறகு நீளமாக, நிற்காமல். அந்தப் பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு பேரும் திரும்பாமல் நின்று கடைசிச் சொட்டு வரை கேட்டோம்.

அன்றே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மறுநாளிலிருந்து மத்தியானம் ஒருமுறை வீட்டுக்கு வந்து அதை வெளியே விட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்துகொண்டேன். நாள் முழுக்க அடக்கி வைத்திருப்பதும் கல்லுக்கு உதவும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர்க் கிண்ணத்தை மூன்று இடத்தில் வைத்தேன். இப்போது நாய் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருக்கிறேன். சத்தத்தை வைத்தே எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது.

ஆனால் சாப்பாடு. அதன் டப்பா உணவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து முதலிலேயே வைத்துவிட வேண்டும், நான் பிறகு சாப்பிட வேண்டும். அது இரண்டு நிமிடத்தில் நக்கி முடித்துவிட்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, வழக்கம்போல, என் கையைப் பார்த்து உட்கார்ந்தது. ஏன் இன்று இல்லை என்று அதற்கு எப்படி விளக்குவேன்? சலவை அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அது அழவில்லை, கதவின் அந்தப் பக்கம் படுத்துக்கொண்டது. நான் பழக்கத்தில் இரண்டு பேருக்கு வைத்த கீரையில் பாதியை நகரசபை கொடுத்த உணவுக் கழிவுத் தொட்டியில் கொட்டினேன். மீதியைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

கடுப்பு குறைந்துவிட்டது, அவன் தூங்குகிறான் என்று தினமும் மனைவியிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். தையல் பிரித்த அன்று, சாப்பிட உட்காரும்போது அவள் கூப்பிட்டாள். அங்கே மணி எங்களைவிட இரண்டு மணி நேரம் பின்னால், அப்போதுதான் சாயங்காலம். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். கல், அறுவை, கீரை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தானே கீரை போடச் சொன்னேன்" என்றாள். "பாவி நான்."

"நீ சொன்னது ஒரு வாரம்" என்றேன். "நான் போட்டது நீ போனதுலேர்ந்து."

"போனதுலேர்ந்தா? மூட்டை மூட்டையா தீனி வாங்கி வச்சிட்டுத்தானே வந்தேன்? ஏங்க?"

தட்டைப் பார்த்தேன். சொல்லக்கூடாது என்று நினைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்றும் நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"தனியா சாப்பிட முடியலை."

அவள் வாயைத் திறப்பதற்குள் குழந்தை எங்கோ விழுந்து வீறிட்டது. போனை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். திரையில் மகள் வீட்டு மேற்கூரை தெரிந்தது, ஒரு விளக்கு, விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி. குழந்தையைச் சமாதானப்படுத்தும் அவள் குரல் தூரத்தில் கேட்டது. நான் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு அந்த மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிசைந்த சாதம் ஆறியது.

வெகுநேரம் கழித்து அவள் முகம் வந்தது, இடுப்பில் குழந்தையோடு. "இன்னும் இருக்கீங்களா? வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"இருக்கேன்" என்றேன். "நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வச்சிடாதே."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளலாம் என்றால் கை முழுக்கச் சாதம். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள், போனைச் சமையல் மேடையில் எதன் மேலோ சாய்த்து வைத்தாள், பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று வெண்டைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். கத்தி பலகையில் படுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டு முடித்தேன்.